அந்தோனியாரின் காலடியில் ஒரு பிரேக் பல்ப்

மச்சான்,

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் கிழமை பஸ்ஸின் முன்தட்டைத் துப்புரவாக்கும்போது, கரண்ட் வருகிறதா என்று பார்க்க நீ செய்த டெஸ்ட் லாம்ப் அகப்பட்டது. யாரோ ஒரு பிள்ளை உன் பஸ்ஸில் விட்டுப்போன நீலப் பேனை. அதன் குடலை உருவி எறிந்துவிட்டு உள்ளே ஒரு குட்டி பல்ப்பை இறக்கியிருந்தாய். முனையில் தையல் ஊசி, பின்பக்கம் ஒரு முழ வயர், வயரின் நுனியில் கிளிப். கிளிப்பில் நீ பூசின கிறீஸ் இன்னும் காயவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கிறீஸ் மணமும் கருவாட்டு மணமும் கலந்து அடித்தது. கிறீஸ் உன்னுடையது. கருவாடு என்னுடையது என்று சொல்லத் தேவையில்லை. என் கைக்கு வந்த எந்தச் சாமானும் இரண்டு நாளில் அந்த மணத்துக்கு மாறிவிடும் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம். உனக்குக் கடிதம் எழுதும் ஆள் நானில்லை. ஓ.எல். வரை படித்தேன், கணக்குப் பாடம் மட்டும் என்னை விட மனமில்லாமல் மூன்று தரம் திரும்பக் கூப்பிட்டது. அப்படிப்பட்டவன் இவ்வளவு நீளமாக எழுதுகிறான் என்றால் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். ஓம், ஒன்று இருக்கிறது. ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இந்த பஸ் உன்னிடம் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. என் மகள் ஜெனிட்டாவும் அதில்தான் போய் வந்தாள். என்ஜின் மூடிக்கு மேல் நீ விரித்திருந்த மெத்தைத் துண்டு அவளுடைய ஆசனம். உனக்குச் சீனி வருத்தம் கூடி, காலையில் ஐந்து மணிக்கு எழும்ப ஏலாது என்றானபோது பஸ்ஸை எனக்குத் தந்தாய். நான் ஆசனங்களைக் கழற்றினேன். படுக்க இரண்டு பலகை, மீன் போட ஐஸ் பெட்டி, காஸ் அடுப்பு, பின்னால் வலைக் குவியல். மஞ்சள் நிறத்தை மாற்றவில்லை. பின்கண்ணாடியில் இருந்த 'பாடசாலை மாணவர்' என்ற எழுத்தையும் எடுக்கவில்லை. ஒருநாள் பாலாவிச் சந்தியில் மறித்த பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, வலைக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு நித்திரையாய்க் கிடந்த என் மனைவியின் தம்பியைக் காட்டி, "இவர் எத்தனையாம் வகுப்பு?" என்று சிங்களத்தில் கேட்டார். அடுத்த நாளே எழுத்தைச் சுரண்டினேன். நீ முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிஸ்மில்லாஹ் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மற்றப் பக்கத்தில், உன்னைக் கேட்டுத்தான், எங்கள் அந்தோனியாரை வைத்தேன். சுற்றிவரக் கலர் பல்ப்.

எங்கள் போக்குவரத்து உனக்குத் தெரியும். சோளகக் காற்று எழும்பினால் கற்பிட்டிக் கரையில் கடல் எங்களை அண்ட விடாது. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் பெண்டு பிள்ளை, வலை, பானை சட்டி எல்லாவற்றோடும் முல்லைத்தீவுப் பக்கம் போய்க் கரையில் ஓலைக் கொட்டிலாய் வாடி போட்டு, ஐந்து மாதம் அந்தக் கடலில் தொழில். முந்தி போட்டை லொறியில் ஏற்றுவோம். பஸ் வந்ததும் எனக்கு ராசாக் குணம் வந்துவிட்டது. சொந்தமாக ஒரு ட்ரெய்லர் ஒட்டுவித்து, பஸ்ஸின் பின்னால் கொக்கி போட்டு, போட்டை நானே இழுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்றேன். "இழு. ஆனா லைட் இல்லாம இழுக்க விடமாட்டேன்" என்றாய்.

அந்த லைட் வேலையை நாங்கள் பாகம் பிரித்தோம். பஸ் பக்கம் உனக்கு, ட்ரெய்லர் பக்கம் எனக்கு. நீ இரண்டையும் செய்கிறேன் என்றுதான் சொன்னாய். நான்தான் விடவில்லை. என் முற்றத்தில், என் ட்ரெய்லருக்கு, அயலவர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவன் வயர் இழுப்பதா? போட்டைத் தண்ணீரில் இறக்கும்போது பல்ப் நனையக்கூடாது என்று ஒரு பலகையில் லைட்டுகளைப் பூட்டி, போட்டின் பின்பக்கக் கடையாரில் கயிற்றால் கட்டிக் கழற்றுகிற மாதிரிச் செய்தேன். அது நல்ல வேலை. நீயே மெச்சினாய். மெச்சிவிட்டுக் கேட்டாய்:

"எர்த்துக்குத் தனி வயர் இழுத்தியா?"

"இழுத்தன், இழுத்தன்."

"கொக்கிய நம்பாத மச்சான். நம்மட காத்துல உப்பு. இண்டைக்குப் பிடிக்கும், நாளைக்குக் கறள் பிடிச்சா எர்த் இல்ல. எர்த் இல்லாட்டி லைட் இல்ல."

"அட, இழுத்தன் எண்டுறன். எத்தின தரம் கேப்பா?"

இழுக்கவில்லை, மச்சான். இதுதான் அந்த ஒன்று.

கரண்ட் திரும்பிப் போகிற எர்த்துக்கென்று நீ வாங்கித் தந்த கறுப்பு வயரை நான் அதற்கு முதல் நாளே என் மனைவியிடம், உன்னை நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற உன் தங்கச்சியிடம், கொடுத்துவிட்டேன். உடுப்புக் காயப்போடக் கொடி அறுந்துபோச்சு என்று அவள் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தாள். நல்ல தடித்த வயர், அருமையான கொடி. நீ கேட்டுக்கொண்டு நின்றபோது உன் முதுகுக்குப் பின்னால்தான் என் சாரம் அதில் காய்ந்துகொண்டிருந்தது. கொக்கியும் இரும்பு, ட்ரெய்லரும் இரும்பு, கரண்டுக்குப் போக வழி தெரியாதா என்று நினைத்தேன். நீ பிரேக்கை மிதித்தாய். முற்றத்தில் எல்லா லைட்டும் எரிந்தது. அயலவர் கைதட்டினார்கள். நான் பெருநாளில் கொடி ஏற்றினவன் மாதிரி நின்றேன்.

முதல் பயணத்தில் நீயும் வந்தாய். இழுவையோடு ஓட்டி எனக்குப் பழக்கமில்லை என்று ஸ்டியரிங்கை நீ பிடித்தாய். புத்தளம் தாண்டி, அனுராதபுரம் போகிற காட்டுப் பாதையில், பின்னேரம் மழை பிடித்தது. நாலு மணிக்கே ஆறரை மணி இருட்டு. யானை ஒன்று பாதையோரம் நிற்கிறது என்று நீ பிரேக் பிடித்தாய். பின்னால் ஒரு சறுக்கல் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

இறங்கி ஓடினோம். ஒரு மோட்டார் சைக்கிள் சேற்றில் கிடந்தது. போட்டின் கடையாரில் மோதாமல் கடைசி நொடியில் ஒடித்துச் சரிந்திருந்தான் அந்த மனிதன். அவனுக்கு முன்னால், பெட்ரோல் டாங்கியில், வெள்ளைச் சட்டையோடு ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை. பிள்ளை எழும்பி நின்றது. முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் மழையில் கரைந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வேறு காயம் இல்லை. அவன் சிங்களத்தில் கத்தினான். அதில் எனக்கு விளங்கினது ஒன்றுதான்: "லைட் எங்கே? லைட் எங்கே?"

நீ உன் தலைத் துண்டை எடுத்துப் பிள்ளையின் முழங்கையைச் சுற்றினாய். அந்த மனிதனிடம் மன்னிப்புக் கேட்டாய். அவர்களை ஏற்றிப் போகிறேன் என்றாய். வேண்டாம் என்று அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு நீ மதகில் இருந்தாய். மழை உன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு வருஷம் பிள்ளைகள ஏத்தி இறக்கினேன். ஒரு பிள்ளைட மேல்ல ரத்தம் பாத்ததில்ல மச்சான். ஒரு பிள்ளைட."

நான் பக்கத்தில் நின்றேன். சொல்ல அதுதான் நேரம். வாயைத் திறந்தேன். அதற்குள் நீயே, "என்ட ஜொயின்ட்தான் விட்டிருக்கும். டேப் காணாம சுத்தியிருப்பேன்" என்றாய்.

திறந்த வாயை மூடினேன்.

நீ பஸ்ஸுக்குக் கீழே சேற்றில் படுத்து உன் இணைப்புகளை எல்லாம் அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாய். நான் கொக்கிப் பக்கம் போய், ஒருவரும் பார்க்காமல், அதை நாலு உதை உதைத்தேன். லைட் எரிந்தது. "இப்ப சரி" என்றேன். உன் தங்கச்சி பஸ்ஸுக்குள் இருந்து, "நானாட வேலையே இப்பிடியெண்டா இவர்ட வேலை எப்பிடி இருக்கும்" என்றாள். அந்தக் குற்றத்தை நீ உன் தலையில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு வரை முப்பது மைல் வேகத்தில் ஓட்டினாய். நான் மனதுக்குள் அந்தோனியாரிடம், பிள்ளை தப்பினதற்கு நன்றி சொன்னேன். மற்றதைப் பற்றி அவரிடமும் வாய் திறக்கவில்லை.

வாடியில் இறங்கின மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நீ ஜும்மாவுக்குப் போயிருந்தாய். அந்த இடைவெளியில் ரேடியோவுக்கு இழுத்திருந்த வயரைக் கழற்றி, ட்ரெய்லருக்கு எர்த் கொடுத்தேன். நீ திரும்பி வந்து ட்ரெய்லரை ஒருதரம் பார்த்தாய், என்னை ஒருதரம் பார்த்தாய். "என்ன, ரேடியோ பாடல்ல?" என்று கேட்டாய். "பற்றரி போச்சு" என்றேன். "ஆ" என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டாய்.

அடுத்த நாள்தான் நீ அந்தோனியாருக்கு வேலை கொடுத்தாய். ட்ரெய்லரின் லைட் பலகையிலிருந்து இரண்டு வயரை முன்னால் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து, அவருடைய காலடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் பூட்டினாய். பிரேக் மிதித்தால் அது எரியும்.

"உங்கட ஆள் இவ்வளவு காலமும் சும்மா நிண்டு வந்தவர். இனி வேலை செய்யட்டும்."

"அவருக்குக் கோவம் வரும்."

"வராது. காணாமப் போன சாமானக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எண்டு நீதானே சொன்ன. லைட் காணாமப் போனா முதல்ல அவருக்குத்தான் தெரியணும். இது எரியாட்டி நிப்பாட்டு. இறங்கு. அவ்வளவுதான்."

"சரி, என்னத்துக்கு ரெண்டு வயர்? எர்த்த பஸ்ட இரும்பிலேயே குடுக்கலாமே."

"ரெண்டும் அங்கயிருந்து வந்தாத்தான் நம்பலாம்."

வயரை வீணாக்குகிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ இருந்த ஆறு வருஷமும் அந்த பல்ப்பைப் பார்த்து ஓட்டினேன். போகவர ஒரு கரைச்சலும் இல்லை.

நீ போனபோது நான் வாடியில். காலையில் செய்தி வந்தது. பஸ் பிடித்து, பஸ் மாறி, கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸா அடக்கி முடிந்து உன் வீட்டு முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மகன் என்னைக் கட்டிப்பிடித்து, "வாப்பா கடைசியா உங்கள விசாரிச்சவர் மாமா, லைட் எல்லாம் எரியுதாமா எண்டு" என்றான். ஓம் என்று தலையாட்டினேன். அதுவரை ஒவ்வொரு வருஷமும், இந்த முறை சொல்லிவிடுவோம், இந்த முறை சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனபிறகுதான் சொல்ல வேண்டியது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. அரை நிமிஷக் கதை.

இனி இந்த வருஷத்துக் கதை.

என் கண்ணில் புரை விழுந்துவிட்டது. எதிரில் வருகிற வாகனம் இரண்டாகத் தெரிகிறது. வீட்டில் வருகிற பிரச்சினையும் அப்படித்தான். ஜெனிட்டா போன வருஷக் கடைசியில் பெரிய வாகன லைசன் எடுத்தாள். நீ சீனி வருத்தத்தோடு இருந்த காலத்தில், பின்னேரங்களில் உப்பளப் பாதையில் அவளைப் பழக்கினாயே, அது வீண்போகவில்லை. இந்த முறை பஸ்ஸையும் ட்ரெய்லரையும் அவள்தான் ஓட்டுவது என்று முடிவானது. மகளுடைய முதல் ஓட்டம். தகப்பன் சும்மா இருப்பேனா? ட்ரெய்லரை முழுக்கத் தேய்த்து, கடல் நீலத்தில் இரண்டு பூச்சுப் பெயின்ட் அடித்தேன். சட்டம், சில்லு, நட்டு, போல்ட் ஒன்றையும் விடவில்லை. பிறகு வயர் எல்லாம் புதிதாக இழுத்தேன். எர்த் வயரும் இழுத்தேன், மச்சான்! இந்த முறை மெய்யாகவே இழுத்து, நடுச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். முற்றத்தில் எல்லாம் எரிந்தது. அந்தோனியாரும் எரிந்தார். கைதட்ட ஆள் இல்லை, அயலில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்து வெளிக்கிட்டோம். புத்தளத்தில் பாண் வாங்கினோம். அதே காட்டுப் பாதைக்குள் போகும்போது வானம் மைக் கறுப்பாகிக்கொண்டு வந்தது. ஜெனிட்டா ஒரு வளைவில் பிரேக் பிடித்தாள். பிடித்துவிட்டு அந்தோனியாரைப் பார்த்தாள். இன்னொருதரம் பிடித்தாள்.

"அப்பா, இவர் எரியேல்ல."

நான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். "எரியுதே. இந்தா மினுங்குது."

"மினுங்குறது எரியிறதில்ல."

"புது வயர் பிள்ளை, எல்லாம் புதுசு. மழை வருது, இந்த இடத்தில யானை வேற. அனுராதபுரத்தில போய்ப் பாப்பம்."

அவள் சிக்னலைப் போட்டு, அகலமான ஓரம் ஒன்று பார்த்து, மெதுவாக ஒதுக்கி நிறுத்தினாள். பின்னால் இருந்து தாய்க்காரி, "என்னடி, அப்பாட சொல்லுக் கேக்காம?" என்றாள்.

"எரியாட்டி நிப்பாட்டு எண்டு பஸ் மாமா சொன்னவர். அப்பாவுக்குக் கண் தெரியாது, எனக்குத் தெரியும்."

உன் டெஸ்ட் லாம்ப்பையும் மீன் வெட்டுற கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னால் போனேன். லைட் பலகையைப் பார்க்கவில்லை. ப்ளக்கைப் பார்க்கவில்லை. நேரே ட்ரெய்லருக்குக் கீழே குனிந்து, நடுச் சட்டத்து எர்த் போல்ட்டில் ஊசியை வைத்தாள். பேனைக்குள் பல்ப் மினுங்கினதோடு சரி. பிறகு போல்ட்டைக் கழற்றினாள். அடியில் என் நீலப் பெயின்ட், இரண்டு பூச்சு, கண்ணாடி மாதிரி. போல்ட்டின் விளிம்பு கீறின இடத்தில் மட்டும் எர்த் பிடித்திருக்கிறது. வழி முழுக்கக் குலுங்கினதில் அதுவும் விட்டுவிட்டது.

"பெயின்டுக்கு மேல எர்த் குடுத்திருக்கிறீங்கள், அப்பா."

"வடிவா இருக்கட்டும் எண்டு..."

கத்தியால் சுரண்டினாள். நீலம் செதில் செதிலாக உதிர்ந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. நான் கேட்டேன், "எப்பிடியடி நேரா இங்க வந்தனீ?"

சுரண்டிக்கொண்டே சொன்னாள். "பஸ் மாமா பழக்கேக்க சொன்னவர். 'உங்கட அப்பா தங்கமான மனுஷன் மகள், ஒரு பொய் சொல்ல மாட்டான். எர்த்தில மட்டும் சொல்லுவான். லைட் பிரச்சின எண்டா வேற இடம் தேடாத, முதல்ல அங்க பாரு.'"

நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் துளி விழுந்தது.

இரண்டு வயர் ஏன் என்று அப்போதுதான், ஆறு வருஷமும் இரண்டு வருஷமும் கழித்து, என் மண்டையில் ஏறியது. லைவ் மட்டும் வந்தால் போதாது. என் எர்த்தும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த இரண்டாவது வயர். எனக்காகவே இழுத்த வயர். ரேடியோ பாடாத அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு தேத்தண்ணி கேட்டிருக்கிறாய். என் பெண்சாதி முன்னால் உன் வேலை பிழை என்ற பெயரோடு ஆறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டுப் போயிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் திரும்பவும் 'இழுத்தன்' என்றுதான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்துதான், வாயால் கேட்காமல் வயரால் கேட்டாய் போல.

ஜெனிட்டா வயரை வெள்ளை இரும்பில் வைத்து இறுக்கினாள். போய் பிரேக் மிதித்தாள். பலகையில் இரண்டு லைட்டும் சிவக்க எரிந்தன. "எரியுது!" என்று நான் பின்னால் நின்று கத்த, "இவரும் எரியிறார்!" என்று அவள் முன்னால் இருந்து கத்தினாள். மழை கொட்டத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். வழி நெடுக நான் பாதையைப் பார்க்கவில்லை. அந்தப் பல்ப்பைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வவுனியா தாண்டும்போது உன் தங்கச்சியிடம் உடுப்புக் கொடிக் கதையைச் சொன்னேன். "ஐயோ, அந்த மனுஷன என்னென்ன சொன்னன்" என்றாள். அதோடு முல்லைத்தீவு வரை என்னோடு கதைக்கவில்லை.

இதை வாடியில் இருந்து எழுதுகிறேன். டெஸ்ட் லாம்ப் சட்டைப் பையில் இருக்கிறது. பேனை என்று நினைத்து ஒருவர் கையெழுத்துப் போடக் கேட்டார். ட்ரெய்லர் வெளியே நிற்கிறது. போகிற வருகிறவர்கள் நிறத்தைப் புகழ்கிறார்கள். நடுச் சட்டத்தில் ஒரு விரற்கடை அளவு இடம் மட்டும் வெறும் இரும்பு. அதில் கறள் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலால் வந்ததும் கிறீஸ் பூசுகிறேன். கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கிறது, அடித்துவிடுங்களேன் என்று ஜெனிட்டாவின் தாய் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். அடிக்கவில்லை.

அன்றைக்கு என் முற்றத்தில் நின்று, எர்த்துக்குத் தனி வயர் இழுத்தியா என்று கேட்டாய். இல்லை, மச்சான், இழுக்கவில்லை. இப்போது இழுத்திருக்கிறேன். பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான்.